மதிலுக்குள்ளால போன கல்லு: பௌதிக விளையாட்டுக் கோட்டில கண்டதுகள்

பனங்கூடல் (மல்லாவி):

கெற்றப்போலால கல்லெறிஞ்சு மாங்காய் விழுத்துற கொம்பியூட்டர் விளையாட்டு எல்லாரும் ஒருக்கா எண்டாலும் எழுதியிருப்பீங்கள், அதால அறிமுகம் வேண்டாம். பி5இல (பிரவுசரில படம் கீறி அசைக்க உதவுற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதினது. இறப்பரை மெல்ல இழுத்தால் கல்லு மதிலில பட்டு விழும். முழுக்க இழுத்தால் சிலவேளை படும், சிலவேளை மதிலுக்குள்ளால போய் அங்கால தொங்குற மாங்காயை விழுத்தும். இந்தச் "சிலவேளை"தான் மனசை விட்டுப் போகுதில்லை.

லூப்பை நிப்பாட்டி, விசை அமத்த ஒரு ஃப்ரேம் மட்டும் நகருற மாதிரி வைச்சுப் பார்த்தால் எல்லாம் வெளிச்சம். மதில் எக்ஸ் 400 தொடக்கம் 408 வரை. கல்லின்ர ஆரை 4. அப்ப கல்லின்ர மையம் 396க்கும் 412க்கும் இடையில நிண்டால்தான் "பட்டது" எண்டு சோதனை சொல்லும். வேகம் செக்கனுக்கு 1500 பிக்சல், திரை செக்கனுக்கு 60 ஃப்ரேம் கீறும், அதாவது ஃப்ரேமுக்கு 25. ஒரு ஃப்ரேமில மையம் 391. விசையை அமத்தினால் 416. மதில் இருந்த இடத்தில கல்லு ஒருநாளும் நிக்கேல்லை. 16 பிக்சல் அகலத்தை 25 பிக்சல் எட்டில தாண்டினால், 100 எறியில சராசரியா 36 தப்பும்.

மதிலைத் தடிப்பாக்கிறது தீர்வில்லை, இறப்பரை இன்னும் இழுத்தால் திரும்பவும் அதே கதை. ஒரு ஃப்ரேமை 4 துண்டாக்கி ஒவ்வொரு துண்டிலயும் சோதிச்சால் எட்டு 6.25 ஆகும், ஒண்டும் தப்பாது. இதைவிட நல்லது, பழைய இடத்தையும் புது இடத்தையும் ஒரு கோடாய் எடுத்து அது மதிலை வெட்டுதோ எண்டு பார்க்கிறது. (396 − 391) ÷ 25 = 0.2. அந்த ஃப்ரேமின்ர ஐந்திலொரு பங்கு நேரத்தில பட்டது எண்டு தெரியும், அந்த ஃப்ரேமில உயரம் மாறின அளவை அதே 0.2 ஆல பெருக்கிப் பழைய உயரத்தோட கூட்டினால் பட்ட உயரமும் வரும். பொக்ஸ்2டி எண்ட பௌதிக நூலகம் பாவிக்கிற ஆக்களுக்கு, அசையாத மதிலுக்கு அது தானாவே இதைப் பார்க்கும், அசையிற பொருளை அசையிற பொருள் தாண்டாமல் இருக்கத்தான் "புல்லட்" எண்ட குறி. மேற்றர் ஜேஎஸ் எண்ட மற்ற நூலகத்தில இந்த வசதி இல்லை, கையால எழுதவேணும்.

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்):

மல்லாவி அண்ணைக்குக் கல்லு மதிலைத் தாண்டிச்சுது. இஞ்ச பந்து நிலத்தையே தாண்டிச்சுது.

போனில விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கேக்க அழைப்பு ஒண்டு வரும். கதைச்சு முடிச்சுத் திரும்பினால் பந்து இல்லை. எரர் இல்லை, மற்றதெல்லாம் ஓடுது, பந்து மட்டும் காணேல்லை. டெல்ட்டாடைமை (போன ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் இடையில போன மில்லிசெக்கன்) திரையில எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும்: வழமையா 16, 17 எண்டு நிக்கிற இலக்கம், திரும்பின முதல் ஃப்ரேமில 47000. பிரவுசர் மறைஞ்ச பக்கத்துக்கு ஃப்ரேம் குடுக்காது, திரும்பேக்க அவ்வளவு நேரத்தையும் ஒரே ஃப்ரேமாக் கணக்குக் காட்டும். ஈர்ப்பு 980 எண்டால் வேகம் 980 × 47 = 46,060. அதைத் திரும்ப 47 ஆல பெருக்குங்கோ, பந்து நிலத்துக்குக் கீழ 21 இலட்சம் பிக்சலுக்கும் அப்பால.

தீர்வு ஒரே வரி: டெல்ட்டாடைம் 50ஐத் தாண்டினால் 50 எண்டு எடுங்கோ. அவ்வளவுதான்.

ஆர்முடுகல் (அறிவியல்நகர்):

அவ்வளவுதான் இல்லை. குளக்கட்டு சொன்ன வரி பந்தைக் காப்பாத்தும், விளையாட்டைக் காப்பாத்தாது. பாய்ஞ்சு மேடையில ஏறுற விளையாட்டை எடுங்கோ: ஒரே கோட், ஒரே மேடை, ஒரு போனில ஏறலாம், மற்றதில ஏறேலாது. இது நடக்கிறதைப் பக்கத்துப் பக்கத்தில ரெண்டு போனை வைச்சுப் பாருங்கோ. நல்ல போனில பாத்திரம் மேடை விளிம்பில கால் வைக்குது. பழைய போனில தலை மேல போகுது, கால் விளிம்புக்கு ரெண்டு பிக்சல் கீழ நிண்டு வழுக்குது. ஒவ்வொரு முறையும் அதே ரெண்டு பிக்சல்.

கணக்கு இப்பிடி. பாயிற வேகம் 600, ஈர்ப்பு 1200. இணைந்த கணிதப் புத்தகப்படி உயரம் 600² ÷ 2400 = 150. ஆனால் முதல் வேகத்தை மாத்தி, பிறகு இடத்தை மாத்தினால், செக்கனுக்கு 60 ஃப்ரேமில உயரம் 145. 30 ஃப்ரேமில 140. 20இல 135. மேடை 142இல இருந்தால் முடிஞ்சுது கதை. வரிசையை மாத்தி முதல் இடம், பிறகு வேகம் எண்டு எழுதினால் பிழை மற்றப் பக்கம் போய் 60இல 155 ஆகும். ரெண்டு வரியின்ர வரிசைக்கு 10 பிக்சல்.

அதால நேரத்தைச் சேர்த்து வைச்சுச் செலவழிக்கவேணும். ஒவ்வொரு ஃப்ரேமும் டெல்ட்டாடைமை ஒரு மாறியில கூட்டுங்கோ. அந்த மாறியில 1/60 செக்கனோ கூடவோ இருக்கும் வரைக்கும், ஒரு படி நகர்த்தி 1/60ஐக் கழியுங்கோ. ஒரு ஃப்ரேமுக்கு ஆகக்கூட 5 படி, மிச்சத்தை எறியுங்கோ. இந்த எல்லை இல்லாட்டில், ஒரு படியைக் கணிக்கவே 1/60 செக்கனுக்கு மேல எடுக்கிற போனில கடன் கூடிக்கொண்டே போய்ப் பக்கம் உறைஞ்சுபோகும். செக்கனுக்கு 90 முறை கீறுற 90 ஹேர்ட்ஸ் திரையில சில ஃப்ரேமுக்குப் படியே வராது, துடிக்கிற மாதிரித் தெரியும். அதுக்கு மாறியில மிச்சமா நிக்கிற நேரத்தை 1/60 ஆல வகுத்து, அந்தப் பின்னத்தின்படி பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் இடையில வைச்சு வரையுங்கோ. கீறுறது ஒரு வேலை, கணிக்கிறது வேற வேலை. ரெண்டையும் ஒரே கடிகாரத்தில கட்டினால் மேடை உயரம் போனுக்குப் போன் மாறும்.

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்):

அண்ணை, மாங்காய் எறியிற விளையாட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. 142இல மேடை வைக்காமல் 120இல வைச்சால் எந்தப் போனிலயும் ஏறலாம். எண்டாலும் 155 கணக்கைப் போட்டுப் பார்த்தன், சரியாத்தான் வருது.

கரைவலை (முல்லைத்தீவு):

படி நீளத்தைப் பற்றிக் கதைக்கிறபடியால் இதையும் எழுதிவிடுறன். வலை. 40க்கு 25 முடிச்சு, மொத்தம் 1000, பக்கத்து முடிச்சுகளை இணைக்கிற நூல் 1935. ஒவ்வொரு நூலும் ஒரு விற்சுருள். மேல் வரிசையைக் கட்டித் தொங்கவிட்டால் வலை காத்தில ஆடவேணும்.

நூல் இழுபடாமல் இருக்கவேணும் எண்டு வில் மாறிலியை (விற்சுருளின்ர விறைப்பைச் சொல்லுற இலக்கம்) கூட்டிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில ஒரு மூலை நடுங்கத் தொடங்கும். நடுக்கத்தை மெதுவாக்கிப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள் ஒண்டு இடம், ஒண்டு வலம், அடுத்த ஃப்ரேமில அப்பிடியே மாறி. ஒவ்வொரு ஃப்ரேமும் வீச்சு கூடும். பிறகு முழு வலையும் முள்ளு முள்ளாய் விரிஞ்சு, சட்டெண்டு வெறும் திரை. இலக்கம் முடிவிலியாகி, முடிவிலியில முடிவிலியைக் கழிச்சு "இலக்கம் அல்ல" எண்டு வந்திட்டுது. கன்வாஸ் அதுக்கு எரர் சொல்லாது, கீறாமல் விடும். அந்த வெறுந்திரையைப் பார்த்துக் கனபேர் வரையிற பகுதியில பிழை தேடுவினம். பிழை அங்க இல்லை.

ரெண்டு பக்கமும் நூல் உள்ள முடிச்சுக்கு, படி 1/60 எண்டால் மாறிலியைத் திணிவால வகுத்து வாற இலக்கம் 3600க்குள்ள நிக்கவேணும். தாண்டினால் கட்டாயம் வெடிக்கும். தணிப்பு (ஆட்டத்தை அடக்கிற தடை) போட்டுச் சமாளிக்கப் பார்க்காதேங்கோ, அளவுக்கு மிஞ்சின தணிப்பும் அதே மாதிரி வெடிக்கும். விற்சுருளைக் கைவிட்டு, லூப் வெர்லே எண்ட பிரெஞ்சு பௌதிகவியலாளர் 1967இல மூலக்கூறுகளைக் கணிக்கப் பாவிச்ச முறைக்குப் போங்கோ. வேகத்தைச் சேமிக்கிறதில்லை, இப்ப நிக்கிற இடமும் முந்தி நிண்ட இடமும் மட்டும்தான். நகர்த்தினாப் பிறகு ஒவ்வொரு நூலின்ர நீளத்தையும் பார்த்து, கூடின நீளத்தை ரெண்டு முனைக்கும் பாதி பாதியாப் பங்கிட்டு இழுத்துவிடுங்கோ. கட்டின முடிச்சு அசையாது, அதன்ர பங்கும் மற்ற முனைக்கு. இதை 10 முறை சுத்தினால் ஃப்ரேமுக்கு 19,350 திருத்தம், சாதாரண போன் தாங்கும். சுத்துறதைக் குறைச்சால் வலை இறப்பர் மாதிரித் தொய்யும், ஆனால் வெடிக்காது.

வேப்பங்குளம் (வவுனியா):

மணல் விழுகிற சிமுலேஷன். மேலயிருந்து கீழ வரிசை வரிசையாச் சோதிச்சால் ஒரு மணி ஒரே ஃப்ரேமில அடிவரைக்கும் போயிடும், விழுகிறதே தெரியாது. கீழயிருந்து மேல சோதிக்கவேணும். வரிசைக்குள்ள எப்பவும் இடமிருந்து வலம் போனால் குவியல் ஒரு பக்கம் சாயும், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் திசையை மாத்துங்கோ. என்ர அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் எல்லாரும் போன் மெதுவு எண்டு கணக்கை மட்டும் குறை சொல்லுறியள், அதால கேட்காட்டிலும் சொல்லுறன். முதலில பிக்சல் அடர்த்தியைப் பாருங்கோ. 360க்கு 640 கன்வாஸ் எண்டு எழுதினாலும் அடர்த்தி 3 உள்ள போனில பி5 உண்மையில 1080க்கு 1920 கீறும், 9 மடங்கு. செற்றப்பில பிக்சல்டென்சிற்றியை 1 எண்டு வையுங்கோ, அதோடயே பாதிப் பேரின்ர பிரச்சினை தீரும். மணலுக்கு 180க்கு 320 கட்டம் போதும், 57,600 கட்டம். அதை ஒரு சின்னப் படத்தில எழுதி, மழுப்பாமல் பெருப்பிச்சுக் காட்டுங்கோ. ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஒப்ஜெக்ட் செய்யாதேங்கோ, ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் வீதம் ஒரே அரே.

டேட்டா மிச்சம் பிடிக்கிறதெண்டால் பி5 கோப்பை ஒருக்கா இறக்கி உங்கட கோப்புறைக்குள்ள வையுங்கோ. பிறகு எச்டிஎம்எல்லை இரட்டைக் கிளிக்கில திறந்தால் கோட் ஓடும், படமும் சத்தமும் வராது. பிரவுசர் பாதுகாப்புக்காக மறிக்குது. பைதனோட வாற சின்ன சேர்வரை அந்தக் கோப்புறையில ஓடவிட்டு லோக்கல்ஹோஸ்ட் 8000 எண்டு திறவுங்கோ. சத்தம் அப்பவும் வராட்டில் பயப்படாதேங்கோ, திரையில ஒருக்கா தொட்டாப் பிறகுதான் பிரவுசர் சத்தத்தை விடும், "தொடங்கு" பொத்தான் ஒண்டு வையுங்கோ. இணைய எடிட்டரில எழுதுறவை கரண்ட் போக முதல் சேமிக்கப் பழகுங்கோ.

வான்கதவு (முரசுமோட்டை):

வலை, மணல் எல்லாம் நல்லது. ஆனால் துணிக்கைத் தண்ணியை ஓடவிட்டு அதுக்கு இரணைமடு எண்டு கிளிநொச்சிக் குளத்தின்ர பெயர் போடுறதை நிப்பாட்டுங்கோ. அப்பிடி ஒண்டு போனுக்குப் போன் சுத்தினது, நீலப் புள்ளிகள் கட்டைத் தாண்டிப் பாயுது, கீழ ஊர்ப் பெயர்கள். 2018 டிசம்பரில வெள்ளம் பார்த்த சனம் அதைப் பார்த்துப் பயப்படுவினம். அந்தப் புள்ளிகளுக்குக் குளத்தின்ர பரப்பும் தெரியாது, வானின்ர (குளம் நிரம்பினால் மிஞ்சின தண்ணி வழியிற கட்டு) நீளமும் தெரியாது.

குளத்துக்குப் புள்ளி தேவையில்லை. வந்த தண்ணி கழித்தல் போன தண்ணி, அவ்வளவுதான். கதவில்லாத, மேல்மட்டம் அகன்ற வான் எண்டால், செக்கனுக்குப் போற கனமீட்டர் ஏறத்தாழ 1.7 × நீளம் × (வானுக்கு மேல நிக்கிற உயரம், அடுக்கு 1.5). 100 மீட்டர் வானில அரை மீட்டர் நிண்டால் 60, ஒரு மீட்டர் நிண்டால் 170. உயரம் ரெண்டு மடங்கு, தண்ணி கிட்டத்தட்ட மூண்டு மடங்கு.

இதிலயும் படி நீளம் கழுத்தைப் பிடிக்கும். 10 ஹெக்டயர் சின்னக் குளம், 20 மீட்டர் வான், ஒரு மீட்டர் நிக்குது: செக்கனுக்கு 34 கனமீட்டர். படி ஒரு மணித்தியாலம் எண்டால் 1,22,400 கனமீட்டர் போகும், ஆனால் வானுக்கு மேல இருக்கிறதே 1,00,000தான். மட்டம் வானுக்குக் கீழ 22 சென்ரிமீட்டர் இறங்கி நிக்கும், எந்தக் குளத்திலயும் நடக்காத காரியம். படியை 5 நிமிசமாக்குங்கோ, முதல் படிக்கு 10 சென்ரிமீட்டர் இறங்கும், பிறகு மெல்ல மெல்லக் குறையும். இதை மழைவீழ்ச்சியோட ஓடவிட்டு வரைபு கீறினால் பிள்ளையள் தங்கட ஊர்க் குளத்தையே படிப்பினம்.

தாச்சி (துணுக்காய்):

ஸ்கிராட்சில (கட்டைகளை அடுக்கிக் கோட் எழுதுற மென்பொருள்) கிளித்தட்டு, கோட்டில நிண்டு மறிக்கிறவரைத் தாண்டி ஓடுற ஊர் விளையாட்டு. மறிக்கிறவர் கோட்டில மட்டும் ஓடுவார், வேகம் 5. ஓடுறவருக்கும் 5. ஆனால் வலம் விசையையும் மேல் விசையையும் சேர்த்து அமத்தினால் ரெண்டு "இஃப்"பும் வேலை செய்யும், குறுக்கு வேகம் 7.07. மறிக்கிறவர் 5இல துரத்த, இவர் பக்கவாட்டிலயும் அதே 5இல ஓடிக்கொண்டே முன்னுக்கும் 5 போவார். இடைவெளி ஒருநாளும் குறையாது, கடைசித் தட்டு வரைக்கும் அப்பிடியே போவார். ரெண்டு விசையும் அமந்திருந்தால் ரெண்டையும் 0.707 ஆல பெருக்குங்கோ, பக்கவாட்டு வேகம் 3.5 ஆகும், மறிக்கிறவர் ஃப்ரேமுக்கு 1.5 கிட்ட வருவார்.

திருத்தினாப் பிறகு மற்றப் பிரச்சினை: கொம்பியூட்டர் மறிக்கிறவர் தோற்கவே மாட்டார், ஏனெண்டால் அவர் எதிராளியின்ர இடத்தை அதே ஃப்ரேமில காணுறார். எதிராளியின்ர எக்ஸை ஒரு பட்டியலில சேர்த்து, 6 ஃப்ரேமுக்கு முந்தின இலக்கத்தை அவருக்குக் குடுங்கோ. ஸ்கிராட்ச் செக்கனுக்கு 30, அப்ப 0.2 செக்கன் பிந்துவார், உச்சிக் காட்டினால் ஏமாறுவார். 9 ஆக்கினால் சின்னப் பிள்ளையளும் வெல்லுவினம்.