பணித்தேய்வு: மருத்துவர்களின் 'பர்ன் அவுட்'டுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். மருத்துவர்களின் பர்ன் அவுட் பற்றிய ஐயாவின் கட்டுரையில் வரும் சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஐயா, வேலை நெருக்கடியில் ஆள் ஓய்ந்துபோகும் 'பர்ன் அவுட்'டுக்கு மனச்சோர்வு என்ற சொல்லே போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மனச்சோர்வை டிப்ரஷனுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அது நோய், வேலையே பார்க்காதவருக்கும் வரும், மருந்தும் உண்டு. பர்ன் அவுட் அப்படியல்ல. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11 அதை நோயாகச் சொல்லாமல், பணியிடத்தில் நாள்பட்டுத் தீராமல் இருக்கும் நெருக்கடியின் விளைவு என்கிறது. சொல்லில் 'பணி' இல்லாவிட்டால் பழி முழுக்க ஆளின் மனசுமேல் விழுந்துவிடும்.

ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த 'எரிந்தடங்கல்' என்பதும் ஒட்டவில்லை. தமிழில் எரிச்சல், எரிந்து விழுதல் எல்லாம் கோபத்தின் பக்கம் போய்விடுகின்றன. இங்கே ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறார். அதனால் 'பணித்தேய்வு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. "பணியில் தேய்ந்துபோனார்" என்று வினையாகவும் இயல்பாக வருகிறது. மூட்டுத் தேய்மானம்போல மீளாத ஒன்று என்று நினைப்பார்களே என்று குழுவில் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் தேய்பிறைக்குப் பின்னால் வளர்பிறை வருவதும் இதே சொல்லுக்குள்தான் இருக்கிறது.

இதைவிடச் சிக்கலானது 'டிபெர்சனலைசேஷன்'. பர்ன் அவுட்டை அளக்க 1981-இல் மாஸ்லாக், ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: உணர்ச்சி வற்றிப்போவது, இந்த டிபெர்சனலைசேஷன், அப்புறம் சாதித்த நிறைவு குறைவது. மனநல மருத்துவத்திலும் இதே ஆங்கிலச் சொல் உண்டு. அங்கே ஒருவர் தன்னையே வெளியே நின்று பார்ப்பதுபோல் உணர்வதைக் குறிக்கும். மாஸ்லாக் சொல்வது எதிரே இருக்கும் ஆளைப் பற்றி. அட்மிஷன் நாள் முடிந்து, தூங்காமலேயே மறுநாள் ரவுண்ட்ஸுக்கு வரும் பி.ஜி. (மேற்படிப்பு மருத்துவர்), "எட்டாம் பெட் லிவர் என்னாச்சு?" என்று கல்லீரல் நோயாளி ஒருவரைப் பற்றிக் கேட்பார். பெட்டில் கிடப்பவருக்குப் பெயர் இருக்கிறது, பக்கத்திலேயே மனைவி நிற்கிறார். அந்தப் பி.ஜி. கெட்டவர் இல்லை, அவரிடம் மிச்சம் ஏதுமில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் இரண்டையும் 'ஆளுமை இழப்பு' ஆக்க வேண்டாம். மருத்துவர் நோயாளியிடம் காட்டும் இந்த நிலைக்கு 'ஆள்மறப்பு' என்று முன்வைக்கிறேன்.

'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' பற்றி: பி.எட். நூல்களில் 'மனவெழுச்சி நுண்ணறிவு' இருக்கிறது. எழுச்சி என்றாலே கொந்தளிப்பு என்று தோன்றுகிறது. 1990-இல் சாலவே, மேயர் என்ற உளவியலாளர்கள் விளக்கியது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் பிரித்தறிந்து அதன்படி நடக்கும் திறனை. அதற்கு 'உணர்வு நுண்ணறிவு' போதும்.

ஆனால் ஐயா, உங்கள் கட்டுரையில் உணர்வு நுண்ணறிவு, பணித்தேய்வு என்ற இரண்டையும் இணைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். உணர்வு நுண்ணறிவு கூடினால் பணித்தேய்வு குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் எதிரெதிராகப் போகின்றன என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியவை. எது முந்தியது என்று அவை காட்டாது. தேய்ந்துபோனவர் உணர்வு நுண்ணறிவுத் தாளிலும் தனக்குக் குறைவாகத்தான் மதிப்பெண் போடுவார். "கூடினால் குறையும்" என்பதை "கூடியவர்களிடம் குறைவாகக் காணப்படுகிறது" என்று மாற்றுங்கள். இது வெறும் நடைத் திருத்தம் இல்லை. அரைநாள் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு டூட்டி அட்டவணையைத் தொடாமல் விடும் நிர்வாகத்துக்கு உங்கள் வாக்கியம் சாக்காகிவிடும். தொடர்ந்து 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று மேற்படிப்பு மருத்துவர்களின் பணிக்கான ஒன்றிய அரசின் 1992 ரெசிடென்சி திட்டமே சொல்கிறது. 36 மணி நேர டூட்டி இன்னமும் நடக்கிறது.

மாஸ்லாக் அளவுகோலின் மூன்றாவது கூறான, சாதித்த நிறைவு குறைவதற்கு எனக்கு இன்னும் சரியான சொல் அமையவில்லை. 'பயனின்மை உணர்வு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். "நான் பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று வார்டில் சொல்வதற்கு நெருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.