மறுமொழி: கோட்டிணையா, கோடிடையா? பல் எக்ஸ்ரே உணரியை அளக்க ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே படம் பிடிக்கும் கருவிதான் உணரி. அது எவ்வளவு நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் என்பதை ‘லைன் பேர்’ என்ற அலகால் சொல்வார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே பேச்சு.

தேவகோட்டைப் புலவர் ஐயா எழுதியிருந்தது:

> ‘லைன் பேர்’ என்பதற்குக் கோட்டிணை என்றே வைத்துக்கொள்ளலாமே. இணை என்றால் இரண்டு. இதில் குழப்பம் எங்கே இருக்கிறது?

அந்த இரண்டு எவை என்பதில்தான் இருக்கிறது, ஐயா. என்னிடம் வேலை பார்க்கும் தம்பியிடம், “ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துக் கோட்டிணை என்றால் எத்தனை கோடு?” என்று கேட்டேன். யோசிக்காமல் “இருபது” என்றார். அவர் மேல் தப்பில்லை. சொல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அங்கே இருப்பவை பத்துக் கோடுகளும், அதே அகலத்தில் பத்து இடைவெளிகளும். சோதனைத் தகட்டில் ஈயம் ஒரு வரி, ஈயமில்லாத இடம் ஒரு வரி. இரண்டும் சேர்ந்தே ஓர் அலகு. நம் ஊர்க் கண்டாங்கிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே சேலையின் உடல் நிறம் தெரியும் வரைதான் அவை இரண்டு. அது மறைந்தால் ஒரே பட்டை. உணரியிடம் நாம் கேட்பதும் இடைவெளி தெரிகிறதா என்பதைத்தான். ஆகவே என் முன்மொழிவு: கோடிடை. கோடும் இடையும்.

இதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பணம் போட்டுக் கற்ற பாடம். காரைக்குடிப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மாடும் ஆடுமாக இருந்த தொழிலில் இப்போது நாயும் பூனையும் வரிசையில் நிற்கின்றன. நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. ஈறுக்குக் கீழே வேரில் நடப்பது எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. இரண்டு உணரிகளின் விவரத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் மில்லிமீட்டருக்கு 25 கோடிடை, மற்றதில் 20. 25 போட்டதை வாங்கினேன். பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்கும் ஊரில், பல் பார்க்கும் கருவியைத் தாளைப் பார்த்து வாங்கிய ஆள் நான்.

அந்த 25 எப்படி வந்தது? படப்புள்ளியின் (பிக்சல்) அகலம் 0.02 மி.மீ. கோட்டுக்கு ஒரு புள்ளி, இடைக்கு ஒரு புள்ளி. ஒரு கோடிடைக்கு 0.04 மி.மீ. ஒன்றை அதனால் வகுத்தால் 25. படமே எடுக்காமல் கிடைக்கும் விடை! எடுக்கத் தொடங்கினால் கதை வேறு. கதிரை ஒளியாக்கும் சீசியம் அயோடைடு படலத்துக்குள் ஒளி பக்கவாட்டில் கசியும். கதிர் புறப்படும் குவியமும் உண்மையில் ஒரு புள்ளி அல்ல, 0.7 மி.மீ. அகலமுள்ள திட்டு என்று வைத்துக்கொள்வோம். நாயின் அண்ணம் தட்டை; மேல்பல்லுக்கு இணையாக உணரியை வைக்க இடமில்லை. பல்லுக்கும் உணரிக்கும் நடுவிலுள்ள கோணத்தை இரண்டாக வகுத்து, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகக் கதிரை விடுகிறோம். அப்போது வேர்நுனி உணரியை விட்டு விலகி நிற்கும். விலகல் 10 மி.மீ., எக்ஸ்ரே குழாயின் குவியத்திலிருந்து பல் 300 மி.மீ. என்று கொண்டால், விளிம்பு மங்கல் மட்டுமே ஏறத்தாழ 0.023 மி.மீ. படப்புள்ளியை விடப் பெரிது. 25-க்கும் 20-க்கும் இடையே நான் கொடுத்த கூடுதல் பணத்தில் பெரும்பகுதி அந்த மங்கலில்தான் கரைந்திருக்கிறது.

ஆகவே பிரிதிறனிலும், அதாவது நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறனிலும், இரண்டு வகை சொல்ல வேண்டும். வகுத்து வருவது ஏட்டுப் பிரிதிறன். இன்ன குழாய், இன்ன தூரம் என்று குறித்துவிட்டுப் படத்தில் எண்ணிப் பார்த்தது கண்ட பிரிதிறன்.

அழகப்பாபுரத்து மின்னணு நண்பருக்கு:

> எல்லா உணரிக்கும் ஒரே கதிரளவு கொடுத்தால் ஒப்பீடு நியாயமாகிவிடுமே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆகாது. ஓர் உணரி குறைந்த கதிரிலேயே நிறைந்துவிடும்; அதற்கு மேல் விவரம் காட்டாது. மற்றொன்று அதே அளவில் மணல் தூவியது போல நிற்கும். எந்த ஒரே அளவும் யாரோ ஒருவருக்குச் சாதகம். குறைவிலிருந்து கூடுதல் வரை ஐந்தாறு அளவுகளில் எடுத்து, ஒவ்வொன்றின் சிறந்த படத்தையும், எத்தனை அளவுகளில் படம் பயன்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மாறாமல் இருக்க வேண்டியவை பல், குழாய், தூரம், கோணம், பார்க்கும் திரை. இதற்காக உலர்ந்த நாய்த் தாடை ஒன்றை மெழுகில் பதித்து வைத்திருக்கிறேன். ஒப்பீட்டுக்கு என்று உயிருள்ள நாயைக் கூடுதல் நேரம் மயக்கத்தில் கிடத்துவது முறையல்ல.

மென்பொருள்தான் பெரிய ஏமாற்று. என் அப்பத்தா வைரத்தோட்டைக் கடை விளக்கில் வைத்து விலை பேசமாட்டார்; வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். உணரியோடு வரும் கூர்மையாக்கும் வசதி அந்தக் கடை விளக்கு. அதை முழுவதும் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அளவு மீறிக் கூர்மையாக்கிய படத்தில் விளிம்பை ஒட்டி ஒரு கருங்கோடு தோன்றும். நோயில்லாத இடத்தில் நோய் காட்டும்.

இன்னொன்று. பல உணரிகள் மனித வாய்க்கென்று அளவெடுத்தவை. உணரிகளில் 2-ஆம் எண் அளவு பூனைக்குத் தாராளம். பெரிய நாயின் கோரைப்பல்லுக்கு, வெளியே தெரியும் பகுதியையும் விட வேர் நீளம். ஒரே படத்தில் அடங்காமல் இரண்டு முறை எடுக்க நேரும். கோடிடை எத்தனை கூடினாலும் படத்துக்கு வெளியே நிற்கும் வேர்நுனியை என்ன செய்வது? கம்பி உணரியில் நுழையும் இடமும் கவனிக்கத்தக்கது. மயக்கம் தெளியும் நாய் முதலில் கடிப்பது அங்கேதான்.

– காரைக்குடிக் கால்நடை மருத்துவர்

* * *

மருத்துவர் அவர்களுக்கு,

கோடிடை சரி. கோட்டினது இடை என்று வேற்றுமையாகக் கொண்டால் டகரம் இரட்டித்துக் கோட்டிடை ஆகும். வெறும் இடைவெளியை மட்டுமே குறிக்கும். கோடும் இடையும் என்ற உம்மைத்தொகை அல்வழி, அங்கே இரட்டாது. ஓர் ஒற்று நீங்கள் வேண்டிய பொருளைக் காப்பாற்றுகிறது. கோட்டிணையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோடு என்பதற்குக் கொம்பு என்றும் பொருள் உண்டு. மாட்டு வைத்தியர் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

ஏட்டுப் பிரிதிறனை மட்டும் ஏற்க மாட்டேன். ஏட்டுச் சுரைக்காயை மனத்தில் வைத்துக்கொண்டு ஆக்கியிருக்கிறீர்கள். சிரிப்பு வருகிறது, அதுவே குறை. வகுத்து வரும் எண் பொய்யல்ல, மேல்வரம்பு. கலைச்சொல் பொருளைச் சொன்னால் போதும், வசை பாட வேண்டாம். கணக்குப் பிரிதிறன் என்று வையுங்கள்.

– தேவகோட்டையிலிருந்து

* * *

ஐயா, கணக்குப் பிரிதிறனே இருக்கட்டும். கோபத்தில் ஆக்கிய சொல் என்பது உண்மை.

அழகப்பாபுரத்து நண்பர் சனிக்கிழமை தம் மருமகளின் பல் மருத்துவமனையிலிருந்து ஓர் உணரி கொண்டுவருகிறார். தாடை தயார். படங்களை ஒன்று, இரண்டு என்று பெயர் மாற்றிக் கலைத்துத் தரும் வேலை தம்பிக்கு. எது எந்த உணரி என்ற சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்கும். கண்ட பிரிதிறனை எண்ணியதும் எழுதுகிறேன்.