ஆயுள் கைதியான அப்பாவுக்கு டயாலிசிஸ்: முன்விடுதலைக்கு வழி உண்டா?

அப்பாவுக்கு வயது 76. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை; 2014 முதல் தென்மாவட்ட மத்திய சிறை ஒன்றில் இருக்கிறார். போன வருடம் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு முறை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். வழிக்காவலுக்குப் போலீஸ் வராவிட்டால் அன்றைக்குக் கிடையாது. மறுநாள் செருப்புக்குள் கால் நுழையாத அளவுக்கு வீக்கம். (இவர்தான் தப்பி ஓடப் போகிறாராம்!)

அவசர விடுப்பு வாங்கிப் பார்த்தோம், சில நாள்தான். முன்விடுதலை மனுவைச் சிறை வழியாகவும் உள்துறைக்கு நேரடியாகவும் அனுப்பினேன். 14 ஆண்டு முடியவில்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 475ஆவது பிரிவு தடுக்கிறது என்று பதில். ஆனால் தண்டனையைக் குறைக்க அரசியலமைப்பின் 161ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரத்தை அந்த மாதிரித் தடை கட்டுப்படுத்தாது என்று 1980லேயே மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, 161இன் கீழ் மனு போட மருத்துவக் குழு அறிக்கையை உயர் நீதிமன்றம் போகாமலே வாங்க முடியுமா?