புதுப்பிப்பு: சங்கத்தின் புதிய பொருளாளர் கையொப்பத்தை வங்கி ஏற்றுக்கொண்டது

எங்கள் தொண்டுச் சங்கத்தின் பொருளாளர் பதவிக்காலத்தின் நடுவில் விலகியதால், புதியவரின் கையொப்பத்தை வங்கி ஏற்க மறுப்பதாக இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

தீர்வு தந்தது, முதலில் மாவட்டப் பதிவாளரிடம் செல்லுங்கள் என்ற யோசனைதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவில் ஏற்படும் மாற்றத்தை 3 மாதங்களுக்குள் படிவம் 7-இல் தெரிவிக்க வேண்டும் என்பதால், குழுத் தீர்மானத்துடன் அதைத் தாக்கல் செய்து, சான்றிட்ட நகலைப் பெற்று வங்கியில் கொடுத்தோம். கணக்கு இயங்கத் தொடங்கிவிட்டது.

எதிர்பாராத ஒன்று: விலகியவரின் கையொப்ப அதிகாரம் நீக்கப்படுவதையும் தீர்மானத்தில் தனியாக எழுதும்படி வங்கி கேட்டது. நன்கொடைப் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதில் ஐயமே இருக்கக் கூடாது என்பதால் அது நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன். இடைக்கால நியமனத்துக்குக் குழுவுக்கு அதிகாரம் உண்டா என்பதை மட்டும் உங்கள் துணைவிதிகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.