வங்கி வேலையிலிருந்து ஆசிரியப் பணிக்கு மாற வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் நான்கு ஆண்டுகள் ஏழு மாதங்களாகப் பணிபுரிகிறேன். வயது 33, கணிதத்தில் எம்.எஸ்சி. படித்திருக்கிறேன். சென்ற மாதம், கணவரின் ஓய்வூதியப் பணத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வைப்புநிதி போட வந்த ஓர் அம்மாவிடம், மாத இலக்குக்காகக் காப்பீட்டுப் பாலிசியைப் பற்றிப் பேசும்படி மேலாளர் கட்டாயப்படுத்தினார். நானும் பேசினேன்; அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லித் தரும் ஒரு மணி நேரம்தான் எனக்கு நிறைவளிக்கிறது என்பதால், பி.எட். படித்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுநிலை ஆசிரியர் தேர்வை எழுத விரும்புகிறேன். ஆனால் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு, கல்லூரிக்கு நேரில் செல்ல வேண்டும். வீட்டுக் கடன் தவணை மாதம் 14,000 ரூபாய். பணிக்கொடை பெற ஐந்தாண்டு நிறைவடைய வேண்டும் என்பதால், இன்னும் ஐந்து மாதங்கள் பொறுத்திருப்பதே சரியென்று நினைக்கிறேன்.

முப்பது வயதுக்குமேல் பி.எட். சேர்ந்தவர்கள், அந்த இரண்டாண்டுக் குடும்பச் செலவை எவ்வாறு சமாளித்தீர்கள்? பயிற்சி மையத்தில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டே படிக்க இயலுமா? குறிப்பாக, பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக அனுப்பும் வாரங்களில் அது சாத்தியமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.