போர்ட்: துறையா, வாயிலா, கடவா?

திருச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கணினி வலையமைப்புச் செய்முறை ஏடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ‘போர்ட்’ என்ற ஒரு சொல் மூன்று நாளாக என்னை நகரவிடவில்லை. முதல் பாடத்தில் அது கணினியின் பின்புறம் கேபிள் செருகும் துளை. நான்காம் பாடத்தில் வெறும் எண்: சாதாரண வலைத்தளத்துக்கு 80, பூட்டுக்குறி உள்ள தளத்துக்கு 443, இப்படி 65,535 வரை. கடைசிப் பாடத்தில் ஒரு மென்பொருளை வேறு இயங்குதளத்துக்குக் கொண்டுபோவதும் அதே போர்ட். எல்லா இடத்திலும் ‘துறை’ என்று போட்டிருந்தேன். வரைவைப் படித்த மாணவி, “துறை 22 மூடப்பட்டுள்ளது என்கிறீர்களே, வருவாய்த் துறையா, பொதுப்பணித் துறையா?” என்று கேட்டுவிட்டாள்.

ஒரு சொல் போதுமா, மூன்று வேண்டுமா?

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மாணவி கேட்டது நியாயம். ஆற்றில் இறங்கும் இடமாக இருந்த துறையைக் கோப்பும் நாற்காலியும் நிறைந்த இடமாக்கிவிட்டோம். அதை விடுங்கள், ‘வாயில்’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு? இல்வாய் முன்பின்னாக மாறி வாயில் ஆன இலக்கணப் போலியைப் பற்றி இந்தக் குழுவில் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அகத்திணையில் வாயில் என்பது தூதும்கூட என்பதை நினைவூட்டுகிறேன். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவன் பாணனை வாயிலாக அனுப்புகிறான். தலைவி இசைந்தால் வாயில் நேர்தல், இசையாவிட்டால் வாயில் மறுத்தல். உங்கள் கணினி ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறதே, அது வாயில் மறுத்தல் அல்லாமல் வேறென்ன? எந்நேரமும் திறந்திருப்பதற்கு, வள்ளல் நல்லியக்கோடனின் வாயிலுக்குச் சிறுபாணாற்றுப்படை தந்த ‘அடையா வாயில்’ காத்திருக்கிறது.

சென்னையிலிருந்து, வலையமைப்பு நிர்வாகி

ஐயா, வாயில் மறுத்தலை இன்று அலுவலகத்தில் சொல்லிக் காட்டினேன், எல்லாரும் ரசித்தார்கள். ஆனால் எங்கள் தொழிலில் அடையா வாயில் கொடைக்கு அடையாளமன்று, கவனக்குறைவுக்கு அடையாளம். அப்படி விட்டவன் மறுநாள் விளக்கக் கடிதம் எழுதுவான். தவிர, ‘கேட்வே’ என்பதற்கு இதே ஏட்டில் ‘நுழைவாயில்’ என்று இருக்கிறது. “நுழைவாயிலின் வாயிலைத் திறக்கவும்” என்று படிக்கும் பையன் எதைத் திறப்பான்?

‘போர்ட்’ என்றே விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை நான்கும் போர்த்துக்கீசியர் கொடுத்தவை. அவர்கள் நாட்டின் பெயரே, இன்றைய போர்ட்டோ நகரப் பக்கம் இருந்த ‘போர்ட்டுஸ் காலே’ என்ற இடத்திலிருந்து வந்தது. அந்த ஊர் வழியாகக் கப்பலேறிய ஒயினுக்கும் போர்ட் என்றே பெயர். நாட்டின் பெயருக்குள்ளேயே போர்ட் இருக்கிற ஆட்களிடம் சாவியை வாங்கிக்கொண்டு, போர்ட் மட்டும் தீட்டு என்றால் எப்படி?

கோவையிலிருந்து

ஜன்னலை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அதன் போர்த்துக்கீசிய மூலம் ‘ஜனேலா’. அதற்கும் மூலம், கதவைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல்லின் சிறுமை வடிவம். சின்னக் கதவைத்தான் சுவரில் மாட்டி ஜன்னல் என்கிறோம்.

இனிப் போர்ட்டுக்கு வருகிறேன். இலத்தீனில் மூன்று சொற்கள்: ‘போர்ட்டுஸ்’ துறைமுகம், ‘போர்ட்டா’ வாயில், ‘போர்ட்டாரே’ சுமந்து செல்லுதல். ரயில் நிலையத்துப் போர்ட்டர், இறக்குமதி, ஏற்றுமதி எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்றாவதுதான் வேர். கப்பலின் இடப்பக்கமும் போர்ட். ‘லார்போர்டு’ என்ற பழைய பெயர் வலப்பக்கமான ‘ஸ்டார்போர்டு’ போலவே காதில் விழுந்ததால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதைக் கைவிட்டுப் போர்ட் என்பதையே கட்டாயமாக்கியது. ஆக, மதுரை ஐயா வாயில் என்பதும் திருச்சி அம்மா துறை என்பதும் ஒருசேரச் சரி. ஆனால் இந்த மூன்று இலத்தீன் சொற்களும் ‘கடத்தல்’ என்ற பொருளுள்ள ஒரே தொல்வேரில் முளைத்தவை. ஆற்றைக் கால்நடையாகக் கடக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபோர்டு’ என்பதும் அதே வேர்.

தமிழில் அந்த வேர் எது? கட. வர, வரவு, கட, கடவு. எங்கள் பக்கம் காட்டு வேலியில் ஆள் நுழைய விடும் வழிக்குக் கடவு என்று பெயர். மலையாளத்தில் ஆற்றுத்துறையே கடவு. வாயிலும் துறையும் ஒரே சொல்லுக்குள்! கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. கடவு 443. இதைத் தொடர்ந்தால் கடவுள் என்னும் சொல்லும்

சென்னையிலிருந்து

கடவுளை விட்டுவிடுங்கள் ஐயா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

கடவு எங்களுக்குச் சரிவராது. இங்கே கடவை என்றால் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை. ஓர் ஐகாரம்தான் இடைவெளி, பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

துறைக்கு என் வாக்கு. பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என்று கரை நெடுகத் துறைகளோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் கடல்தான் வரும். மாணவியின் சந்தேகம் இங்கே எழவே எழாது. அரசாங்க அலுவலகப் பிரிவு எங்களுக்குத் திணைக்களம். தொல்காப்பியத்திலிருந்து நீங்கள் துறையை எடுத்து அலுவலகத்தில் உட்காரவைத்தீர்கள். நாங்கள் திணையை எடுத்து உட்காரவைத்தோம். கணினிக்கு எது மிச்சம் என்று பார்த்தால், எங்களிடம் துறை சும்மா இருக்கிறது.

மதுரையிலிருந்து

இதை மறுக்க என்னிடம் சூத்திரம் இல்லை. ஆனால் திருச்சி மாணவி திருச்சியில்தானே இருக்கிறாள்?

திருச்சியிலிருந்து, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. இதுதான் அச்சுக்குப் போகிறது.

எண்ணுக்குத் ‘துறையெண்’. சேர்த்து எழுதினால் எந்த அமைச்சரும் நினைவுக்கு வரமாட்டார் என்று நம்புகிறேன். மென்பொருளுக்குப் ‘பெயர்த்தல்’, மொழியைப் பெயர்க்கிறோம், நாற்றைப் பெயர்த்து நடுகிறோம். 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமல் செல்பேசி நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தபோதே இதைப் பிடித்திருக்கலாம். அதற்குள் எல்லாரும் ‘போர்ட் செய்தேன்’ என்று பழகிவிட்டார்கள். கேபிள் துளைக்குச் ‘செருகுவாய்’. முதல் முறை வரும்போது மட்டும் போர்ட் என்று அருகிலேயே கொடுத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து

செருகுவாய் என்பது முன்னிலை எதிர்கால வினைமுற்று. “செருகுவாயில் கேபிளைச் செருகுவாய்” என்று எழுதிப் பாருங்கள். துறையெண்ணுக்கு உடன்படுகிறேன், மனமின்றி. வாயில் மறுத்தலுக்கு ஓர் அடிக்குறிப்பாவது தாருங்கள்.

திருச்சியிலிருந்து

செருகுமிடம். அடிக்குறிப்புக்கு இடமில்லை ஐயா, மன்னிக்கவும்.

கோவையிலிருந்து

கடவு குறித்த என் மாற்றுக்கருத்தைக் குழு பதிவு செய்துகொள்ளட்டும். இன்னொன்று: ஐந்தாம் பாடத்தில் ‘சாக்கெட்’ அப்படியே நிற்கிறது. அதன் மூலச்சொல்லுக்குப் பொருள் ஏர்க்கொழு. நம்மிடமே கொழு இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால்