அம்போடெரிசின் பி (பூஞ்சைத் தொற்றுக்கு ஏத்திற மருந்து): முதல் சேலைன் (உப்புக் கரைசல்) ஏத்தச் சொல்லினம், பிறகு சேலைனில கலக்காதை எண்டினம். ஏன்?

வார்ட்_தாதி (முல்லைத்தீவு):
பழைய வகை (லிபோசோமல் இல்லாதது), 50 மி.கி. குப்பி. 50 கிலோ ஆளுக்கு கிலோவுக்கு 1 மி.கி. வீதம். எதில கரைக்கிறது, எவ்வளவு நேரம் ஓட விடுறது? யாழ்ப்பாணத்துக்கு மாத்தேக்க அம்புலன்சிலயே ஓட விடலாமோ?

மருந்தாளர்:
குப்பிக்குள்ள ஊசிக்கான சுத்த நீர் 10 மி.லீ. பாதுகாப்புப் பொருள் கலந்த நீர் வேண்டாம். தெளியுமட்டும் குலுக்கி, 500 மி.லீ. 5% டெக்ஸ்ட்ரோஸில விடுங்கோ, மி.லீ.க்கு 0.1 மி.கி. வரும், கை நாளத்துக்கு அதுக்கு மேல செறிவு கூடாது. உப்புப் பட்டால் மருந்து வீழ்படிவாகும். அதால லைனையும் டெக்ஸ்ட்ரோஸாலதான் கழுவ வேணும், பொட்டாசியம் குளோரைட்டையும் அதே பையில போடக் கூடாது. கலங்கியிருந்தால் எறியுங்கோ. 4 முதல் 6 மணித்தியாலம், அதாவது மணிக்கு 125 முதல் 83 மி.லீ.

மருத்துவர்_வவுனியா:
முதல் ஏத்திற சேலைன் சிறுநீரகத்துக்கு. இந்த மருந்து சிறுநீரக நாளங்களைச் சுருக்கும், உப்பு உடம்பில இருந்தால் அந்தத் தாக்கம் குறையும். 500 மி.லீ.யை அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்தில முடிச்சு, லைனைக் கழுவிப்போட்டு மருந்தைத் தொடங்குங்கோ. இதயம் பலவீனமான ஆளெண்டால் யோசிச்சு ஏத்த வேணும். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறதால, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற இரத்தப் பரிசோதனை) பாக்காமல் தொடங்கிறது எனக்குச் சரியாப் படேல்லை. பிறகும் கிரியேட்டினின், பொட்டாசியம், மக்னீசியம் அடிக்கடி பாருங்கோ. ஜென்டாமைசின், டைக்ளோஃபெனக் இரண்டும் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியவை, இதோட சேர வேண்டாம்.

காய்ச்சலும் நடுக்கமும் பெரும்பாலும் முதல் 3 மணித்தியாலத்துக்குள்ள வரும். பரசிட்டமோல் முன்னுக்கே குடுங்கோ. நடுக்கம் கடுமையெண்டால் பெதிடின் (ஓபியொயிட் வகை வலி மருந்து, நடுக்கத்தையும் அடக்கும்). ஏ9 வீதியில ஓடுற வண்டிக்குள்ள இதையெல்லாம் ஆர் பாக்கிறது? ஓட விடாதேங்கோ. மியூகோமைகோசிஸ் (வேகமாப் பரவுற 'கறுப்புப் பூஞ்சை' நோய்) எண்டால் சத்திரசிகிச்சையும் அவசரம், 6 மணித்தியாலம் முடியட்டும் எண்டு வண்டியை மறிக்கவும் வேண்டாம். எங்க தொடங்கிறது எண்டு யாழ்ப்பாண வார்ட்டோட கதைச்சு முடிவெடுங்கோ.

மருந்தாளர்:
ஒண்டை விட்டிட்டன். மாத்தல் கடிதத்தில 'அம்போடெரிசின்' எண்டு மட்டும் எழுதாதேங்கோ. லிபோசோமல் வகைக்கு (மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சது) கிலோவுக்கு 5 மி.கி.யும் குடுப்பினம், அந்த அளவைப் பழைய வகையில குடுத்தால் இதயம் நிண்டுபோகலாம். பழையதுக்கு நாளுக்கு 1.5 மி.கி./கிலோ கடைசி எல்லை. வகை, டோஸ், கடைசியாக் குடுத்த நேரம் மூண்டையும் எழுதுங்கோ.

வார்ட்_தாதி (முல்லைத்தீவு):
விளங்கிச்சு. குப்பியைப் பிரிட்ஜிலதானே வைக்கிறது?

மருந்தாளர்:
ஓம், 2 முதல் 8 பாகைக்குள்ள. உறையக் கூடாது.